கால்வாய்க்குள் வள்ளைக்கீரை

கோல்லாப் கால்வாயை எட்டிப் பார்த்தாள். கண்ணாடிக் குடிலுக்குள் மட்டுமே வளர வேண்டிய வள்ளைக்கீரை, வெளியே தண்ணீரில் தளதளவென்று படர்ந்து கிடந்தது. டெக்சாஸ் சட்டத்துக்கு அது கீரையே இல்லை, ஆற்றை அடைக்க வந்த களை. குடிலுக்கு வெளியே ஒரு தண்டு வேர்விட்டாலும் உரிமம் போச்சு. கீரை ஆய்வாளர் ஹேக்கெட் இன்று காலைதான் வருகிறார்!

"யோவ், இங்க வாய்யா!" என்று அவள் போட்ட கூச்சலில் புருஷன் வன்னாக் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தான். பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"நான்தான்டி. புத்தாண்டன்னைக்கு மகளுக்கு நல்லபடியா பிரசவம் ஆகணும்னு மீன் விட்டேன்ல? மீனு துள்ளி விழாம இருக்க வாளிமேல கீரைத்தண்டு மூடியிருந்தேன். அதையும் சேத்துக் கொட்டிட்டேன்."

"மீனுக்கு விடுதலை, நமக்குச் சிறையா? நல்லாத் தேடிக்கிட்ட புண்ணியம்!"

திட்ட நேரமில்லை. பக்கத்துக் குடில் சினாத் அக்காவுக்குச் சொன்னதுதான் தாமதம், கம்போடியக்காரர்கள் தெருவே திரண்டு வந்தது. ஒரு குடிலில் மாட்டினால் எல்லாக் குடிலுக்கும் தலைவலி. பெண்கள் சாரோங்கை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார்கள். சேறு தெறித்தது, சிரிப்பும் தெறித்தது. "ஏ வன்னாக், உன் மீனு என் காலைக் கடிக்குது, நன்றி கெட்டது!" என்று யாரோ கத்தினார்கள். பிடுங்கிய தண்டுகளை மூன்று தண்ணீரில் அலசி, மதியச் சாப்பாட்டுக்குப் புளிப்புக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்த அண்டாவுக்குப் பக்கத்தில் குவித்தார்கள்.

குவியல் இடுப்பளவு வந்தபோது ஹேக்கெட்டின் வண்டி சத்தம் கேட்டது.

"முடிஞ்சுது. எல்லாரும் கரையேறுங்க. கேட்டா கால்வாய் சுத்தம் பண்றோம்னு சொல்லுங்க" என்றாள் சினாத் அக்கா.

அப்போதுதான் கோல்லாப் கண்ணில் பட்டது அது. அறுந்த தண்டு ஒன்று, கணுவெல்லாம் வேரோடு, ஆடி அசைந்து குழாய்ப் பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. குழாய்க்கு அந்தப் பக்கம் பெரிய ஓடை. அதற்குள் போய்விட்டால் யாராலும் பிடிக்க முடியாது. எட்டவும் முடியவில்லை; ஹேக்கெட் வண்டியிலிருந்து இறங்கிக் கரைக்கே வந்துவிட்டதால் வாயைத் திறக்கவும் முடியவில்லை. இருபது வருஷ உழைப்பு, மகள் படித்தது, இப்போது பேத்தியின் பால் டப்பா எல்லாம் இந்தக் கீரையில்தான். சொன்னால் இவள் உரிமம் இன்றே போகும். சொல்லாவிட்டால் கீரை ஓடை முழுக்கப் பரவி, தெருவுக்கே உரிமம் போகும்.

"வாய மூடிக்கிட்டு இரு, தங்கச்சி" என்று சினாத் அக்கா பல்லைக் கடித்தாள்.

கோல்லாப் கத்தியே விட்டாள். "சார்! அங்க ஒண்ணு ஓடுது சார்! குழாய்க்குள்ள போகப்போகுது, பிடிங்க!"

ஹேக்கெட் ஒரு கணம் விழித்தார். பிறகு குறிப்பு அட்டையை எறிந்துவிட்டு, பூட்ஸோடு தொபுக்கடீரென்று குதித்தார்! கழுத்துவரை சேறு. குழாய் வாயில் முக்கால் பங்கு நுழைந்துவிட்ட தண்டை இழுத்துக்கொண்டு எழுந்தார். கரையில் இருந்தவர்கள் தங்களை மறந்து கைதட்டிவிட்டார்கள்.

"யார் விட்டது?" என்றார் மூச்சு வாங்க.

"நான்தான் சார்" என்றான் வன்னாக். நடந்ததை மறைக்காமல் சொன்னான்.

"பிரசவம் என்னாச்சு?"

"பொண்ணு, சார். தாயும் பிள்ளையும் சுகம்."

ஹேக்கெட் முகத்துச் சேற்றை வழித்தார். "வருஷம் முழுக்க மாசாமாசம் வருவேன். இனி மீன் விடுறதுன்னா வாளிய முதல்ல எனக்குக் காட்டணும். வளர்க்கிறவங்களே கூப்பிட்டுச் சொன்னதால எச்சரிக்கை மட்டும். உரிமம் இருக்கும்."

கோல்லாப் அப்படியே சேற்றில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். வன்னாக்குக்கு அவள் தோளைத் தொடவும் பயமாக இருந்தது.

"ஆனா பிடுங்கினதெல்லாம் என் கண்ணு முன்னாடியே அழியணும். அதுதான் சட்டம்" என்றார் ஹேக்கெட்.

சினாத் அக்கா அவரையும் குவியலையும் கொதிக்கும் அண்டாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "எப்படி அழிக்கணும்னு சட்டத்துல இருக்கா, சார்?"

"இல்லையே."

அடுத்த நிமிஷம் கீரைக் குவியல் அண்டாவுக்குள் இறங்கியது, அண்டா பொங்கியது. எலுமிச்சைப் புல் மணம் கால்வாய்வரை அடித்தது. ஆளுக்கொரு கிண்ணம் கைமாறியது. ஹேக்கெட் சொட்டச் சொட்ட அண்டாவுக்குப் பக்கத்தில் வந்தார்.

"அழிஞ்சுதான்னு நான் எப்படி நம்புறது?" என்று கையை நீட்டினார். "இங்க ஒரு கிண்ணம் கொடுங்க."