அறுபது அங்குல லாபம்

எங்கள் ஊரில் கிரிப்டோவில் லாபம் வந்தவர்கள் தரையிலிருந்து உயர்வார்கள்; நஷ்டம் வந்தவர்கள் தரைக்குள் இறங்குவார்கள். ஆயிரம் ரூபாய்க்கு ஓர் அங்குலம்.

நான் இரண்டு காயின் வாங்கியிருந்தேன். ஒன்றில் அறுபதாயிரம் லாபம், மற்றதில் இருபதாயிரம் நஷ்டம். அதனால் என் வலது கால் ஐந்தடி உயரத்தில் நடந்தது. இடது கால் இருபது அங்குலம் மண்ணுக்குள் நடந்தது. பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கும் அம்மா, என் பேண்ட்டின் இடது பக்கத்துக்கு மட்டும் துணி சேர்த்துத் தைத்துக் கொடுத்தார்.

என் பி.காம். படிப்புக்காக அம்மா அடகு வைத்த வளையல்கள் வங்கியின் மேல்தட்டில் இருந்தன. கை எட்டினால் எடுத்துக்கொள்ளலாம். ஏணி போடக் கூடாது. வரி கட்டிய ரசீது இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வரி போக நாற்பத்திரண்டு அங்குலம் மிஞ்சினால் என் கை எட்டும்.

கணக்குப் போட்டேன். அறுபதில் நஷ்டம் இருபது போனால் நாற்பது. அதற்கு முப்பது சதவீதம் பன்னிரண்டு. அறுபதில் அந்தப் பன்னிரண்டு போனால் நாற்பத்தெட்டு மிஞ்சியது! மறுபடி போட்டுப் பார்த்தேன். அதேதான். சான்றிதழ் ஃபைலை எடுத்துக்கொண்டு, அம்மாவோடு வரி அலுவலகத்துக்கு ஓடினேன்.

அதிகாரி கோமளவல்லி டேப் வைத்து அளந்தார்.

"தம்பி, இதுல நஷ்டத்தக் கழிக்கக் கூடாது. முழு அறுபதுக்கும் வரி. பதினெட்டு."

"அப்பவும் நாப்பத்திரண்டு மிஞ்சுதுங்க மேடம்!" கொஞ்சம் கத்திவிட்டேன்.

அவர் கத்தரிக்கோலால் என் வலது காலுக்குக் கீழே இருந்த காற்றில் பதினெட்டு அங்குலம் வெட்டினார்.

"நேரா வெட்டுங்க மேடம், பிசிறடிக்கும்" என்றார் அம்மா.

ரசீது எழுதும்போது எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. வரியின் மேல் நாலு சதவீதம் செஸ் உண்டு. சொன்னால் முக்கால் அங்குலம் போய்விடும்.

"செஸ் விட்டுப்போச்சுங்க மேடம்."

"வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டயே கண்ணு" என்றார் அம்மா.

அதிகாரி அதையும் வெட்டினார். நஷ்டத்தை என்ன செய்வது என்று கேட்டேன். அடுத்த வருஷத்துக்கும் கொண்டுபோக முடியாதாம்.

"இங்கயே விட்டுட்டுப் போங்க."

இடது காலைக் கழற்றி, மேசை ஓரமாகச் சாய்த்து வைத்தேன்.

வங்கியில் என் விரல் வளையலுக்கு முக்கால் அங்குலம் கீழே நின்றது. அம்மா ஃபைலைத் திறந்து பார்த்தார். மார்க் ஷீட்டுகள், டிகிரி, லேமினேட் செய்த முதல் பட்டதாரிச் சான்றிதழ். மூடி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, என் வலது காலுக்கு அடியில் காற்றில் வைத்தார்.

"மிதி. பரவால்ல."

காவலாளி வந்து பார்த்தார். ஃபைல் ஏணி ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மிதித்து நின்றேன். வளையல்கள் கைக்கு வந்தன. அம்மா அங்கேயே போட்டுக்கொண்டார்.

மறுநாள் வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. என் இடது கால் காலை பத்து மணிக்கே எழுந்து நின்றதாம். தற்காலிகப் பணியில் சேர்த்துக்கொண்டார்களாம். சம்பளத்துக்கு என் பான் எண் வேண்டுமாம்.

"நம்ம வீட்டுல மொத கவர்மெண்ட் வேலை" என்றார் அம்மா, வளையல் குலுங்க.

எண்ணை எழுதி, கூடவே இடது கால் செருப்பையும் பாலிஷ் போட்டு அனுப்பினேன்.