கண்மூடி வாசித்தவன்

கண்ணுகளா, கிட்டே வாருங்கள். நாற்காலி போதவில்லை என்றால் கட்டிலில் உட்காருங்கள். ஒரு கதை தருகிறேன், முடித்துத் தருவேனா என்பது வேறு விஷயம். போன சனிக்கிழமை காலை, எங்கள் குவாதலூப் தீவில், இந்த ஊர்க் கடைத்தெருவில் என் கண்ணெதிரே நடந்தது. இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

1

“ஜாஸ் உலகின் ஒப்பற்ற தாளக் கலைஞர் தியோதூல்...”

(அடித்துவிட்டேன். இது பத்திரிகைக்காரன் வாக்கியம்.)

“குவாதலூப்பின் முழவையும் செனகலின் குச்சி முழவடியையும் ஒரே மூச்சில் கலந்து, பாரிஸ் மேடைகளில் அவன்...”

(இதுவும் வேண்டாம். மேடையிலிருந்து தொடங்கினால் அக்கா எப்போது வருவாள்?)

சரி. தியோதூலை வளர்த்தவள் அவன் அக்கா எர்மான்ஸ். முழவுகளைச் சுற்றிக் கூடி ஆடும் எங்கள் வட்டத்தில் அவளைப் போல ஆட ஆள் கிடையாது. பாரிஸில் தன் பெரிய கச்சேரிக்கு அவளை ஆட அழைக்கத்தான் அவன் வந்திருந்தான். அவள் சொன்னது இது: “முதல்ல நம்ம தெருவுல எனக்கு வாசி. அப்புறம் பாக்கலாம்.”

2

எங்கள் வட்டத்தில் ஆடுகிறவள் வைத்ததுதான் சட்டம். பக்கத்து முழவுகள் தாளத்தைப் பிடித்து நிற்கும். நடு முழவுக்காரன் அவள் பாதத்தைப் பார்த்து, அது சொல்வதை அடிப்பான். (இதை இன்னும் அழகாகச் சொல்லலாம். அவசரத்தில் இருக்கிறேன்.)

தியோதூல் நடு முழவில் உட்கார்ந்தான். மீன் விற்கும் ஒர்த்தான்ஸ் விடவில்லை.

“பாரிஸ் போய் கை பஞ்சாயிடுச்சாமே. பாத்துடா, வலிக்கப்போவுது.”

“உன் வாய விட மெதுவாத்தான் அடிப்பேன், அத்தை.”

எல்லோரும் சிரித்தோம். எர்மான்ஸ் முழவை வணங்கிவிட்டு ஆடத் தொடங்கினாள்.

3

இந்த இடத்தில்தான் பேனா நிற்கிறது. இவன் கெட்டவனா? இல்லை. நல்லவன் என்று எழுதினாலும் கை ஒப்பவில்லை.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மேடைப் பழக்கம். செனகல் அடி உள்ளே நுழைந்தது, தெருவே சிலிர்த்தது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் சிலிர்த்தது. அவளுடைய பாதம் ஒரு பக்கம் போனது, தாளம் இன்னொரு பக்கம் போனது. அதைத் துரத்தப் போய், எர்மான்ஸ் விழுந்தாள். எலும்பு முறிந்த சத்தம்...

(அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன்.)

பக்கத்து முழவுகள் நின்றன. அவன் நிற்கவில்லை. கண் மூடியபடியே முகம் மலர்ந்து, இன்னும் வேகமாக அடித்தான். எங்களில் ஒருத்தருக்கும் அவன் தோளைத் தொடத் தோன்றவில்லை. அடித்து முடித்து, கைதட்டலுக்காகக் கண் திறந்தான்.

“ஏன் எல்லாரும்...” என்றவன், பக்கத்து முழவுக்காரன் ஜெர்வேயைப் பார்த்தான். “நீங்க நிறுத்தினதும், என்னைத் தனியா வாசிக்க விட்டீங்கன்னு நெனச்சேண்ணே.”

“அவ விழுந்தா. அதான் நிறுத்துனோம்.”

எர்மான்ஸ் தரையில் கிடந்தபடியே அவனைப் பார்த்தாள். “எனக்குக் கால் போச்சு தம்பி. உனக்குக் கண்ணு எப்ப போச்சு?”

4

முதல் முடிவு: அவன் அழுது, அவள் மன்னிக்கிறாள். (எர்மான்ஸை எனக்குத் தெரியும். கிழித்துவிட்டேன்.)

இரண்டாம் முடிவு: அவள் இல்லாமலே பாரிஸில் வாசிக்கிறான், அரங்கமே எழுந்து நின்று கைதட்டுகிறது. (இது நடந்தாலும் நடக்கும். அதனாலேயே எழுதப் பயம்.)

நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். மருத்துவமனை வண்டி வந்தது. கூட ஒருவர்தான் ஏறலாம் என்றார்கள். ஜெர்வே ஓர் அடி முன்னே வந்தான். தியோதூல் எழுந்தான். எர்மான்ஸ் இருவரையும் பார்த்து, தன் கையை நீட்டினாள்.

யாரிடம் என்று நான் எழுதப்போவதில்லை. அந்தக் கையை நீங்களே பிடித்து, யாரிடம் வேண்டுமோ கொடுங்கள்.

உங்கள் வீட்டில் ஒருவர் விழுந்தால், அந்த நொடியே பார்த்துவிடும் கண்கள் எந்நாளும் இருக்கட்டும்.