திரையில்லாத கமெரா

என் தோழி அசனாவின் அண்ணன் லாபிர் திருகோணமலை மத்திய வீதியில் வானொலியும் கைக்கடிகாரமும் விற்கும் சிறிய கடையொன்று வைத்திருந்தார். போர்நிறுத்தம் வந்து பாதை திறந்து, கொழும்பிலிருந்து சாமான்கள் லொறி லொறியாக வரத் தொடங்கிய ஆண்டு அது. அப்போது அவருடைய கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு டிஜிட்டல் கமெராவும் வந்து சேர்ந்தது. மூன்று மாதமாகியும் அதை ஒருவரும் வாங்கவில்லை.

பார்ப்பதற்குப் பாதி தேய்ந்த சவர்க்காரக் கட்டி மாதிரி இருந்தது. சாம்பல் நிறம். முன்னால் ஒரு சிறு கண், மேலே ஒரு பொத்தான். அசனா அதைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நானா, படம் தெரியிற பக்கம் எங்க?"

"அது இல்லாத கமெரா. கொம்பியூட்டர்ல போட்டாத்தான் எடுத்தது தெரியும். இருபத்தாறு படம். பிளாஷ் இல்ல. கிட்ட இழுத்துப் பாக்கிறதும் இல்ல."

"அப்ப என்னதான் இரிக்கி?"

"ஓட்டை இரிக்கி. அதால பாக்கலாம்."

நான் சிரித்தேன். லாபிர் நானாவும் சிரித்தார். அசனா சிரிக்கவில்லை. ஓட்டையில் கண்ணை வைத்து வீதியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"மலர், நீ பாரு. உனக்குத்தான் கமெரா விளங்கும். வாங்கலாமா?"

நான் பார்த்தேன். நிலாவெளி பஸ் ஒன்று மெதுவாகக் கடந்து போனது. அதன் யன்னலில் சாய்ந்து ஒரு பெண் நித்திரையாகியிருந்தாள். அந்தச் சிறிய வட்டத்துக்குள் எல்லாம் தூரத்து ஊர் போலவும், ஆனால் எனக்கு மட்டும் காட்டப்படுவது போலவும் இருந்தது. நூலகத்தில் எடுத்த மொழிபெயர்ப்பு நாவலை நடுப்பக்கத்தில் திறக்கும்போது பெயர் தெரியாத யாரோ ஒரு படியிலிருந்து இறங்கிக்கொண்டிருப்பார்களே, அந்தச் சுகம். கையிலிருந்து அதை இறக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால்தான் சொன்னேன்: "வாங்காதை."

"ஏன்?"

"எடுத்த படம் சரியா பிழையா எண்டு தெரியாமல் என்னண்டு எடுக்கிறது? வீட்டுக்குள்ள எடுத்தா எல்லாம் இருட்டாத்தான் வரும். வீண் காசு."

சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மை. சொன்ன மனம்தான் நேரானதல்ல.

நான் ஞானசேகரம் மாஸ்டரின் ஸ்டூடியோவில் வேலை செய்தேன். முஸ்லிம் வீடுகளில் பெண்கள் மட்டும் கூடுகிற விசேஷங்களுக்கு ஆண் படப்பிடிப்பாளரை விடமாட்டார்கள். அந்த வேலைக்கெல்லாம் நான்தான் போவேன். லண்டனிலிருந்து மாமா அனுப்பிய, பின்பக்கம் திரையுள்ள டிஜிட்டல் கமெரா என்னிடம் இருந்தது. படங்களை ஸ்டூடியோவின் பின்னறையில் கதவைச் சாத்திவிட்டு நானே அச்செடுப்பேன். மாஸ்டர்கூட எட்டிப் பார்க்கமாட்டார். அந்த வாக்கின் பேரில்தான் பெண்கள் முக்காட்டை எடுத்துவிட்டு என் முன்னால் இருந்தார்கள். அந்த வீடுகளுக்கு என்னைக் கூட்டிப் போனவள் அசனா. என் பையைச் சுமந்துகொண்டு, "இவதான் எங்கட மலர், பயப்படாதீங்க" என்பாள். அவள் கையிலும் ஒரு கமெரா வந்தால் என்னை எதற்கு?

அடுத்த கிழமையே வாங்கிவிட்டாள். லாபிர் நானா ஒரேயொரு எச்சரிக்கை சொல்லிக் கொடுத்தார்: "பற்றரியக் கழட்டினா எடுத்ததெல்லாம் போயிரும். கொம்பியூட்டர்ல ஏத்தினதுக்குப் பிறகுதான் பற்றரி மாத்தணும். விளங்கிச்சா?"

முதல் இருபத்தாறு படங்களையும் கடையின் பின்னால், திரைச்சீலையை இழுத்துவிட்டு, நானாவை வெளியே அனுப்பிவிட்டுப் பார்த்தோம். எட்டுப் படம் இருட்டு. நான்கில் யாருடைய கை, யாருடைய கால் என்று தெரியவில்லை. எனக்குள் மெல்லிய சந்தோஷம். பிறகு பதின்மூன்றாவது படம் வந்தது. அடுத்த வீட்டு ஆமினா உம்மா குசினி வாசலில் இறால் உரித்துக்கொண்டிருக்கிறார். யாரோ எதையோ சொல்லியிருக்க வேண்டும். உரித்த இறால் கையிலிருக்க, கண்ணை மூடி, வாயை முழுவதும் திறந்து சிரிக்கிறார். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து அந்தச் சிரிப்பில் கரைந்திருந்தது.

இரண்டு வருடத்தில் ஆமினா உம்மாவை நான் ஆறேழு முறை எடுத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் அடையாள அட்டைக்கு இருப்பதுபோல் இருப்பார்.

"எப்பிடி?" என்றாள் அசனா.

"கொஞ்சம் மங்கல்" என்றேன்.

அன்றிரவு அந்தச் சிரிப்பையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். நான் வாசித்த நாவல்களில் பொறாமை பனி பெய்யும் ஊர்களில், தளபதிகளுக்கும் சீமாட்டிகளுக்கும்தான் வரும். துப்பாக்கி எடுப்பார்கள், கடிதம் எழுதுவார்கள். இறால் உரிக்கிற ஒரு படத்தைப் பார்த்து வரும் என்று ஒருவரும் எழுதியிருக்கவில்லை.

பிறகு மூதூரிலிருந்து செய்தி வந்தது. அசனாவின் சின்னம்மா சுபைதா சாச்சியின் மகளுக்குக் கலியாணம். அந்த வருடத்தில் பெரிய கலியாணம் அதுதான். முதலில் வியாழக்கிழமை மணப்பெண்ணுக்கு மருதோன்றி போடுகிற நாள். அடுத்த கிழமை கலியாணம். சாச்சி தொலைபேசியில் பட்டும் படாமலும் சொன்னார்: "ரெண்டு பேரும் வாங்க. மருதோன்றிப் படங்களைப் பாத்துப்போட்டு, கலியாணத்துக்கு ஆர் எடுக்கிறதெண்டு சொல்றன்."

இருவரும் லோஞ்சில் கடலைக் கடந்து போனோம். அசனா வழி முழுக்க மீன் குஞ்சுகளைக் காட்டிக்கொண்டு வந்தாள். நான் என் கமெராவை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மருதோன்றி பின்முற்றத்தில், கிடுகு வேலிக்குள், பின்னேர வெயிலில் நடந்தது. நான் ஒரு படம் எடுத்தேனோ இல்லையோ பெண்கள் எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"காட்டு, காட்டு!"

"அல்லாஹ், என்ட மூக்கப் பாரு! அழி புள்ள, அழி!"

"உன்ட மூக்கு அப்பிடித்தானே கிடக்கு, கமெரா என்ன செய்யும்?"

"மகள், எனக்கு இன்னொண்டு எடு. இந்த முறை மூச்சை இழுத்துப் பிடிக்கிறன்."

எடுத்தேன், காட்டினேன், அழித்தேன், திரும்ப எடுத்தேன். எண்பது படமாயிற்று. எண்பதிலும் மூச்சை இழுத்துப் பிடித்த பெண்கள். அசனாவிடம் யாரும் வரவில்லை; அவளிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அவள் மணப்பெண்ணின் காலடியில் பாயில் இருந்து கதைத்துக்கொண்டே எப்போதாவது ஒரு முறை பொத்தானை அழுத்தினாள். அந்த நேரத்தில் மணப்பெண் தன் தாயின் தோளில் கன்னத்தைச் சாய்த்தாள். நானும் அதைக் கண்டேன். ஆனால் என் கையில் திரை, திரையைச் சுற்றி ஐந்து தலைகள். பொத்தான் அழுத்தப்படும் 'பீப்' சத்தம் அசனாவின் பக்கமிருந்து கேட்டது. அந்தப் படம் இனி என்றைக்கும் அவளுடையது.

புறப்படும்போது சாச்சி என் கையைப் பிடித்தார். "ஆம்பிளையள் ஆரும் பாக்க மாட்டாங்கதானே மகள்?"

"இல்லை சாச்சி. நான் சத்தியமாச் சொல்லுறன்."

திருகோணமலை இறங்குதுறையில் கடற்படையின் சோதனை. பற்றரி போட்ட சாமான் எதுவென்றாலும் கழற்றிக் காட்ட வேண்டும்; டோர்ச்சானாலும் சரி, வானொலியானாலும் சரி. வரிசையில் நானும் அசனாவும் முன்னால் நின்றோம். பின்னால் ஆமினா உம்மா. அவரும் மருதோன்றிக்கு வந்திருந்தார்.

மேசையில் இருந்தவன் இளைஞன், சிங்களத்தில் மரியாதையாகத்தான் பேசினான். என் கமெராவின் பற்றரியைக் கழற்றினான், போட்டான், திரையை உயிர்ப்பித்தான். துறைமுகம், கப்பல், முகாம் எதையாவது எடுத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும் என்றான். ஒவ்வொன்றாகப் பார்த்தான். முக்காடில்லாத பெண்கள், ஈரக்கூந்தலை விரித்துப்போட்ட மணப்பெண். பத்தோடு நிறுத்துவான் என்று நினைத்தேன். எண்பதையும் பார்த்தான். நடுவில் ஒன்றைப் பக்கத்தில் நின்றவனுக்கும் காட்டி, மணப்பெண் அழகு என்றான். கெட்ட எண்ணத்தோடு சொன்னது மாதிரி இல்லை. அது எனக்கு உதவவும் இல்லை.

பிறகு அசனாவின் கமெராவை எடுத்தான். திரையைத் தேடினான். பற்றரி மூடியில் நகத்தை வைத்தான்.

அசனா என் கையை இறுக்கினாள். அவளுக்குச் சிங்களம் தெரியாது. என் அப்பாவுக்குச் சீனன்குடாவில் வேலை. அங்கே குவாட்டர்ஸில் சிங்களக் குடும்பங்களோடு வளர்ந்ததால் எனக்கு அது தண்ணீர்பட்ட பாடு.

"மலர், சொல்லு! பற்றரியக் கழட்டினா படமெல்லாம் போயிரும் எண்டு சொல்லு. கடைக்கு வந்தா கொம்பியூட்டர்ல காட்டுறம் எண்டு சொல்லு. கெதியா!"

அவன் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். காத்திருந்தான். நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பானோ என்னவோ, தெரியாது. கேட்கிற முகம்தான்.

தாயின் தோளில் சாய்ந்த கன்னம் என் கண்ணுக்குள் வந்தது. சிங்களத்தில் சொன்னேன்: "புதுக் கமெரா."

அவன் தலையாட்டிவிட்டு மூடியைத் திறந்தான். பற்றரி மேசையில் உருண்டது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், கமெராவின் ஓட்டைக்குள்ளால் கடலைப் பார்த்தான், சிரித்தான், நிதானமாகத் திரும்பப் போட்டுக் கொடுத்தான். "போகலாம் நங்கி." தங்கச்சி என்று கூப்பிட்டான்.

"கேக்கேல்ல என்ன?" என்றாள் அசனா, வெளியே வந்ததும். கண் நிறைந்திருந்தது. "நீ சொல்லியும் கேக்கேல்ல."

நான் அவள் தோளில் கை போட்டேன். அந்தக் கை எனக்குப் பாரமாக இருந்தது. ஆனால் உள்ளே, வெட்கத்துக்கும் அடியில், எனக்கு ஆறுதலாக இருந்தது. இனிச் சாச்சிக்குக் காட்ட என்னுடைய எண்பது மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை சுபைதா சாச்சி உடுப்பு எடுக்கத் திருகோணமலைக்கு வந்து அசனாவின் வீட்டில் நின்றார். படங்களை அல்பத்தில் அடுக்கிக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். அவர் திறக்கவில்லை.

"மகள், துறையில உன்ட கமெராவத் திறந்து பாத்தானா?"

ஆமினா உம்மா மூலையில் கதிரையில் இருந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஓம் சாச்சி" என்றேன். "எல்லாத்தையும் பாத்தவன். மற்றவனுக்கும் காட்டினவன்."

சாச்சி அல்பத்தின் அட்டையைத் தடவினார்.

"உன்ட பிழை இல்ல. அவன்ட கையில துவக்கு, நீ என்ன செய்வாய்?" பிறகு அசனாவிடம் திரும்பினார். "உன்டதில என்ன பாத்தான்?"

"ஒண்டும் இல்ல சாச்சி. அதுல பாக்க ஏலாது. பற்றரியக் கழட்டினான், எல்லாம் போயிட்டு."

"அப்ப அவன் கழட்டினாலும் ஆருக்கும் ஒண்டும் தெரியாது?"

"ஓம். எனக்கும் தெரியாது" என்றாள் அசனா கவலையோடு.

சாச்சியின் முகம் மலர்ந்தது. "அப்ப அதுதான் புள்ள நமக்குச் சரியான கமெரா! கலியாணத்துக்கு நீயே எடு. படம் இல்லாமப் போனாலும் காரியமில்ல, மானம் கிடக்கும். லாபிரிட்ட இன்னொண்டு இரிந்தா என்ட மகளுக்கும் வாங்குவம்."

நான் இரண்டே சொற்களால் அழித்த படங்கள், எதையும் காட்டாமலே அவளுக்கு அந்தக் கலியாணத்தை வாங்கிக் கொடுத்துவிட்டன. அல்பத்தை எடுத்துப் பைக்குள் வைத்தேன். யாரும் தடுக்கவில்லை.

அசனா வாசல் வரை வந்தாள். என் செருப்பை எனக்கு முன்னால் நகர்த்தி வைத்தாள். அவளுக்கு என்னைப் பற்றிய கவலை; அது முகத்தில் தெரிந்தது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

"மலர், ஒண்டு கேக்கணும். கலியாணப் படங்கள் போயிரக் கூடாது. நீ வராட்டியும், நான் தனியச் சொல்லிப் பழகோணும். அண்டைக்கு அவனிட்ட நீ சிங்களத்தில சொன்னியே, அதை எனக்குச் சொல்லித் தா. பாடமாக்கிறன்."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். இரண்டே சொற்களைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அவள் அதையே நம்பிப் படித்துக்கொண்டு, துறையில் அவன் முன்னால் நின்று, "புதுக் கமெரா, புதுக் கமெரா" என்று கெஞ்சியிருப்பாள். அந்தக் காட்சி என் மனதில் முழுதாக ஓடி முடிந்தது. ஒரு கணம் அது எனக்குப் பிடித்தும் இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

சரியான வசனத்தைச் சொன்னேன். பற்றரியைக் கழற்ற வேண்டாம், கழற்றினால் படங்கள் அழிந்துவிடும், கடையில் கொம்பியூட்டரில் காட்டுகிறோம், வந்து பாருங்கள், ஐயா. சிங்களத்தில் அது நீளமான வசனம்.

அசனா திருப்பிச் சொல்லத் தொடங்கி, பாதியில் நின்றாள்.

"அண்டைக்கு நீ இவ்வளவு நீளமாச் சொல்லேல்லையே."

"இல்லை."

"அப்ப என்ன சொன்னாய்?"

"புதுக் கமெரா எண்டு சொன்னனான். அவ்வளவுதான்."

அவள் என்னைப் பார்த்தாள். உள்ளே ஆமினா உம்மா ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"நான் உன்ட பைய எத்தின வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தனான்" என்றாள் கடைசியில். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, எண்ணிப் பார்க்கிறவள் மாதிரிச் சொன்னாள்.

செருப்பைப் போட்டேன்.

"நில்லு" என்றாள். "முழுக்கச் சொல்லித் தந்திட்டுப் போ."

படியில் நின்றபடியே சொல்லிக் கொடுத்தேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னாள். மூன்றாவது தரம் பிழையே இல்லை. சீனன்குடாவில் பிறந்தவள் மாதிரி இருந்தது அவளுடைய உச்சரிப்பு. அதுவும் எனக்கு எரிந்தது.