பைண்டிங்குக்குப் போன ஏழாம் பாகம்

நூலகத்தில் சிறுவர் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. இங்குள்ள புத்தகங்களைச் சிறுவர் அட்டைக்கு மட்டுமே தர வேண்டும் என்பது விதி. மந்திரத் தீவுக் கதையின் ஏழாவது, கடைசிப் பாகம் வந்தபோதுதான் ஊரில் இத்தனை குழந்தைகள் இருப்பது தெரிந்தது.

முன்பதிவில் பதினெட்டுப் பேர். ஐந்தாவது உறுப்பினருக்கு வயது ஆறு மாதம். கையெழுத்து மட்டும் பாங்க் மேனேஜருடையது. பல் டாக்டர் "பையனுக்காக" என்றார். பையன் மீசையை முறுக்கிக்கொண்டு காலேஜ் போகிறான். இரண்டாவதாக இருந்த ஓய்வு பெற்ற நீதிபதி, பேத்தியின் அட்டையை நீட்டி, "அந்தக் கண் தெரியாத டிராகன் பொழைச்சிருமா? பேத்தி கேக்கச் சொன்னா" என்று கிசுகிசுத்தார். பக்கத்தில் நின்ற பேத்தி கொட்டாவி விட்டாள்.

வளர்ந்த ஆட்களுக்கு வெட்கமே கிடையாதா என்று தலையில் அடித்துக்கொண்டேன். அடித்துக்கொண்ட கையோடு 'பைண்டிங்குக்குப் போயிருக்கிறது' என்று பதிவேட்டில் எழுதி, புத்தகத்தை என் டிராயரில் வைத்துப் பூட்டினேன். புத்தம் புதுப் புத்தகத்துக்கு எதற்கு பைண்டிங் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்துப் படித்து, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வந்தேன். டிராகன் குகைக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

பட்டியலில் முதல் ஆள் நிஜமாகவே ஒரு சிறுமி. பள்ளி விட்டதும் தினமும் வந்து நிற்பாள்.

"அக்கா, பைண்டிங் முடிஞ்சிருச்சா?"

"பசை காயணும்ல, கண்ணு."

ஒன்பது நாள் காய்ந்த பசை அது. பத்தாம் நாள் அவள் வேறு மாதிரிப் பேசினாள்.

"அப்பாவுக்கு மாத்தல். நாளன்னைக்கு ஊர விட்டுப் போறோம். இப்ப குடுத்தா முடிச்சிருவேன்க்கா. எங்க இருக்கு, டிராயர்லயா? நாலாம் பாகத்த எங்கம்மா பீரோவுல ஒளிச்சு வெச்சுப் படிச்சாங்க. நாங்க புடிச்சிருக்குன்னு சொல்லிட்டுப் படிக்கிறோம். நீங்கல்லாம் எதுக்குப் பொய் சொல்லிப் படிக்கிறீங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. டிராயரைத் திறந்து கொடுத்தேன். நான் பக்க அடையாளத்துக்கு வைத்திருந்த பஸ் டிக்கெட்டைப் பார்த்தாள்.

"பாதிதானா? பாவம்க்கா நீங்க."

சொன்னபடி இரண்டாம் நாள் மாலை திருப்பித் தந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"டிராகன் என்ன ஆச்சு?" என்றேன், நீதிபதி மாதிரியே கிசுகிசுத்து.

"சொல்ல மாட்டேன்." புத்தகத்தின் மேல் ஓர் அட்டையை வைத்தாள். "தம்பியோடது. அவனுக்கு இன்னும் பல்லே முளைக்கல. நீங்க வெச்சுக்கோங்க."

அவள் போனதும் நீதிபதிக்குப் போன் செய்து, பைண்டிங் முடிந்துவிட்டது என்றேன். "பேத்தி கெளம்பிட்டா" என்று மூச்சிரைத்தார். பிறகு பட்டியலின் கடைசியில், பத்தொன்பதாவதாக, பல் முளைக்காத அந்த உறுப்பினரின் எண்ணை என் கையெழுத்தில் எழுதினேன்.