சத்தமில்லாத கல்யாணக் கேசட்டு

திருச்செங்கோட்டுல போர் போடற ரிக் வண்டிக்காரர் ஊட்டுச் சித்ரா இருக்காளே, அவ தன்னோட அண்ணன் மணியன் கல்யாண வீடியோக் கேசட்ட இருவத்தேழு வருசமாப் பரண்மேல ஒளிச்சு வெச்சிருந்தா. ஆரு கேட்டாலும் காணாமப் போச்சுன்னுருவா. இப்ப அவ அக்கா கண்ணாத்தாளே போன் போட்டுக் கேட்டுட்டா.

"அய்யன் போயி இருவத்தஞ்சு வருசமாச்சு அம்மிணி. அவரு பேச்சு வேற எதுலயும் இல்ல. பந்தியில லைட்டுப் போட்டு எடுக்கறப்ப என்னக் கூப்புட்டாரே, அத ஒருக்காக் கேட்டாப் போதும்."

பெத்த அப்பன் பேச்சக் கேக்கறவகிட்ட இல்லேன்னு எப்பிடிச் சொல்றது? "தேடிப் பாக்கறேங்க்கா"ன்னா.

கடையில குடுத்தாக் கம்ப்யூட்டர்ல பாக்கறாப்ல மாத்திக் குடுப்பாங்க. ஆனாக் கடைக்காரங்க கேப்பாங்களே. கேசட்டுல இருக்கறது அப்பிடி.

இணைச்சீருங்கறது மாப்பளைக்குப் பக்கத்துல கூடப்பொறந்தவள நிக்க வெச்சுச் செய்யறது. மூத்தவ கண்ணாத்தாதான் நின்னிருக்கோணும். ஆனா முந்துன வருசந்தான் அவ புருசன் லாரி கவுந்து செத்துப் போயிட்டாரு. அதனால சின்னவ சித்ரா நின்னா. நின்னவ சும்மா நிக்காம வீடியோக்காரன் பக்கம் திரும்பி, "ஏனுங்ணா, எங்கக்கா படத்துல உளுகாம எடுங்க. நல்ல காரியம் பாருங்க"ன்னுபோட்டா. வயசு இருவத்திரண்டு, பட்டுச்சீலை கட்டுன மப்பு வேற. கேமரா மைக்கு ஒரு எழுத்து உடாமப் புடிச்சுருச்சு. கேசட்டு வந்தன்னைக்குத் தனியாப் போட்டுப் பாத்தவ, அன்னைக்கே பரண்ல ஏத்திப்போட்டா.

ஆச்சா, சொந்தக்கார ஒறம்பர ஊட்டுல கேசட்டு ஓட்டற பழைய டெக்கு ஒண்ணு எரவலா வாங்குனா. டெக்குல ஓடறத லேப்டாப்புல ஏத்தற சின்னப் பெட்டிய மக சத்யபிரியா பெங்களூர்ல இருந்து அனுப்பிச்சா. போன்லயே சொல்லியும் குடுத்தா.

"மஞ்ச வயரு படத்துக்கும்மா. வெள்ளையும் செவப்பும் சத்தத்துக்கு. பூஞ்ச கீது இருந்தா ஓட்டாத, சிக்கிக்கும். ஞாயித்துக்கெழம நான் வந்து தொடச்சுப் போடறேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி, புதுசாட்டம் இருக்குது"ன்னா சித்ரா. ஜன்னல்கிட்டப் புடிச்சுப் பாத்தா உள்ளாற வெள்ள வெள்ளையாப் பூத்துக் கெடந்துச்சு. மக வந்து ஓட்டுனா மக கேட்டுருவாளே, அதான் பயம்.

காலையிலயே ஓட்ட ஆரம்பிச்சா. இணைச்சீரு வரவும் வெள்ளையையும் செவப்பையும் புடுங்கிப்போட்டா. படம் மட்டும் ஓடுது. சின்னச் சித்ரா திரும்பி வாயத் தொறக்கறா. அவளுக்குப் பின்னால ஓரமா கண்ணாத்தா நிக்கறா, நீலச் சீல. டக்குனு தல நிமுந்து தங்கச்சியப் பாக்கறா. அப்பறம் ஆரும் சொல்லாமயே பந்தக்காலுக்கு அக்கட்ட ஒதுங்கிக்கறா.

அன்னைக்குத் தனியாப் பாத்தப்ப சித்ராவுக்குத் தன்னோட பேச்சு மட்டுந்தான் காதுல உளுந்துச்சு. இத அவ பாக்கவே இல்ல. அக்காளுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்குது. சித்ராவுக்கு மூஞ்சியெல்லாம் காந்திப்போச்சு, பாருங்க. வயரக் கையில புடிச்சவ புடிச்சபடி எம்புட்டு நேரம் உக்காந்திருந்தாளோ, நெனப்பு வந்து பாத்தாப் பந்தி ஓடுது. அய்யன் துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு, வாயத் தொறந்து கூப்புட்டு முடிச்சுட்டாரு. வயர எடுத்துச் சொருகறக்குள்ள டெக்கு கரகரன்னு கத்துச்சு. கேசட்ட உருவுனா, நாடா கந்தலா வந்துச்சு. லேப்டாப்புல ஏறுன வரைக்குந்தான் மிச்சம்.

மக்யா நாளு விடிஞ்சதும் பரமத்தியில இருந்து கண்ணாத்தா பஸ் ஏறி வந்துட்டா. கண்ணாடியப் போட்டுக்கிட்டு லேப்டாப்பு முன்னால உக்காந்தா. பந்தி வந்துச்சு.

"சத்தமே வல்லியே அம்மிணி."

கேசட்டு பழசுங்கக்கான்னு சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயத் தொறந்தா. "நாந்தாங்க்கா வயரப் புடுங்குனேன்"னு வந்துருச்சு.

"ஏம்புள்ள?"

"இணைச்சீருல நான் சொன்னது... நீங்க கேட்டுருவீங்கன்னு."

கண்ணாத்தா கண்ணாடியக் கழட்டிச் சீலையில தொடச்சா. "அது அன்னைக்கே கேட்டாச்சு. அதுக்காகவா எங்கய்யன் பேச்சப் புடுங்குன?"

அக்கா நாலு வாத்த வெய்வாளான்னு சித்ரா பாத்தா, அவ வெய்யல.

"அய்யன் வார எடத்த இன்னொருக்காப் போடு. வாயப் பாத்தாலே தெரியுது எனக்கு."

சித்ராவுக்கு அந்த எடத்துக்கு நேராப் போகத் தெரியாது. பின்னால இழுத்தா இணைச்சீருக்குத்தான் போயி நிக்குது. அங்கிருந்துதான் ஓடி வரோணும். கண்ணாத்தா திருப்பித் திருப்பி ஆறு தாட்டி போடச் சொன்னா. ஆறு தாட்டியும் சித்ரா போட்டா.