ஈரச்சுவர் பற்றிய நான்காவது அறிக்கை

படுக்கையறைச் சுவரில் ஈரம் முதலில் உள்ளங்கை அகலத்துக்குத்தான் இருந்தது. சீஃப் அதற்கு ஓர் அறிக்கை எழுதினார். முப்பத்து நான்கு ஆண்டுகள் கட்டடத் துறையில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்கு சீஃப் என்றுதான் பெயர். மறந்தவர்களுக்கு அவரே ஞாபகப்படுத்திவிடுவார்.

முதல் அறிக்கையில் குற்றவாளி பக்கத்து வீட்டு மரம். ஈரம் தலையணை அளவுக்கு வளர்ந்ததும் இரண்டாவது வந்தது: காற்றின் ஈரப்பதம். சுவரில் கறுப்புப் பூஞ்சை படர்ந்தபோது எழுதிய மூன்றாவது, அறைக்குள் துணி காயப்போடும் மனைவியைக் கைகாட்டியது. அறிக்கைக்கு ஒரு கோட்டிங் பெயின்டும் அடிக்கப்பட்டது. அதுவும் மரியாதையாக ஒரு மாதம் இருந்துவிட்டு, கொப்புளம் கொப்புளமாக உப்பி உதிர்ந்தது.

பூஞ்சை மனைவியின் நெஞ்சில் ஏறிவிட்டது. படுத்தால் இருமல். ஹால் சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினாள். ஒரு நாள் காலையில் பெட்டியைக் கட்டிக் கட்டிலுக்கடியில் வைத்தாள்.

"அடுத்த மழைக்குள்ள இந்தச் சுவருக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லேன்னா நான் மக வீட்டுக்குப் போறேன். போனா திரும்பி வர்றதா இல்லீங்க."

அவள் குரல் உயரவே இல்லை. சீஃபுக்கு அதுதான் பயமாக இருந்தது. அறிக்கை எழுதித் தள்ளிப்போட முடியாத ஒன்றை அவர் பார்ப்பது அதுவே முதல் தடவை.

ஒழுகல் மேஸ்திரி வந்தார். ஒழுகும் வீடுகளை மட்டுமே பார்ப்பவர் என்பதால் அந்தப் பெயர். சுவரைத் தொட்டார், முகர்ந்தார், ஈரத்தின் விளிம்பைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார். நீர்க்கசிவின் தத்துவம் பற்றி சீஃப் முக்கால் மணி நேரம் விளக்கியதற்கெல்லாம் "ஆமாங்க சார்" என்றார். பிறகு தம் வேலையைப் பார்க்க மொட்டை மாடிக்குப் போனார்.

களிமண்ணால் சின்னச் சின்ன வரப்பு கட்டி மாடியை நான்காகப் பிரித்தார். ஒரு நாளைக்கு ஒரு பாகத்தில் தண்ணீர் தேக்கி, மாலையில் கீழே வந்து கோட்டைப் பார்ப்பார். நான்கு நாள் ஆயிற்று. ஈரம் கோட்டைத் தாண்டவில்லை.

"நான் சொன்னேனே, மாடியில ஒரு குத்தமும் இல்ல. நான் நின்னு போட்ட தளம்" என்றார் சீஃப்.

மேஸ்திரி மாடியின் கைப்பிடிச் சுவரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் வெளிப்பக்கம், படுக்கையறைக்கு நேர் மேலே, தெருவைப் பார்த்து ஒரு முழ உயர எவர்சில்வர் எழுத்துகள்: தலைமைப் பொறியாளர். கடைசியில் சின்னதாக '(ஓய்வு)' என்றும் இருந்தது. அதைப் பசையால் ஒட்டியிருந்தார்கள். முதல் காற்றிலேயே பறந்துவிட்டது. சீஃப் அதைத் தேடவில்லை. மற்ற ஒன்பது எழுத்துக்கும் ஆளுக்கு இரண்டு போல்ட். புயலே வந்தாலும் அசையக் கூடாது என்று பக்கத்தில் நின்று துளை போட வைத்தவர் அவர்தான்.

"இந்த எழுத்து எப்ப வச்சது சார்?"

"ரிட்டயரான மாசம்."

"சுவர்ல ஈரம்?"

மூன்று அறிக்கையிலும் தேதிக்குப் பஞ்சமில்லை. இந்த இரண்டு தேதிகளை மட்டும் சீஃப் அடுத்தடுத்து எழுதிப் பார்த்ததில்லை.

"அதுக்கு அடுத்த மழையில" என்றார் மெதுவாக.

மேஸ்திரி எழுத்துகளின் மேல் ஹோஸ் பைப்பைப் பிடித்தார். ஒரு மணி நேரம் பிடித்தார். கீழேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"என்னங்க, கோட்டைத் தாண்டிடுச்சு."

சீஃப் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எழுத்தைக் கழட்டாம, சுத்தி சிலிக்கான் வச்சு அடைச்சா?"

"அடைக்கலாங்க சார். ரெண்டு மழை தாங்கும். அப்புறம் நீங்க நாலாவது அறிக்கை எழுதணும்."

"அறிக்கை பத்தி உனக்கு யாரு சொன்னா?"

"அம்மாதான். இருமலுக்கு நடுவுல சொன்னாங்க."

கீழே மறுபடி இருமல் கேட்டது. நீண்ட இருமல். சீஃப் கையை நீட்டினார்.

"ஸ்பேனரைக் குடுப்பா."

மேஸ்திரி வெளியே ஏணியில் நின்று எழுத்துகளைத் தாங்கிக்கொள்ள, சீஃப் மாடிப் பக்கம் குந்தி உட்கார்ந்து நட்டைக் கழற்றினார். துரு ஏறிய நட்டுகள், பதவியை விட மனமில்லாதவர்களைப் போல முரண்டு பிடித்தன. தெருவில் போன எதிர்வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

"என்ன சீஃப், வீட்டை வித்துட்டீங்களா?"

"இல்ல. சுவர் காயணும்."

அவர் வாழ்நாளில் தந்த விளக்கங்களிலேயே சின்னது அதுதான்.

பதினெட்டுத் துளைகளையும் மேஸ்திரி சுத்தம் செய்து, காரை திணித்து அடைத்தார். சுவர் உலர ஒரு மாதமாவது ஆகும், அதற்குள் பெயின்டைத் தொட்டுவிடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை சீஃப் ஒரு தாளை மனைவியிடம் நீட்டினார். 'ஈரத்துக்குக் காரணம்: முன்சுவரில் பதினெட்டுத் துளைகள். துளை போடச் சொன்னவர்: கீழே கையொப்பமிட்டவர்.' கையெழுத்துக்குப் பக்கத்தில் '(ஓய்வு)' என்று இருந்தது.

அவள் இரண்டு தடவை படித்தாள்.

"உங்க அறிக்கை எனக்குப் புரியறது இதான் முதல் தடவை."

"அப்ப பெட்டி?"

"சுவர் காயட்டும். அதுவரைக்கும் அங்கேயே இருக்கட்டும்."

நியாயம்தான் என்று அவருக்குப் பட்டது. சற்று நேரம் கழித்து அவள் பெட்டியை இழுத்துத் திறந்து, சீப்பை மட்டும் எடுத்து அலமாரியில் வைத்தாள். சீஃப் அதைப் பார்த்தார். அதைப் பற்றி எங்கும் எழுதிவைக்கவில்லை.