சோடா உடைத்த வீடுகள்

பிரதேச சபைத் தேர்தலில் வாவிக்கரை வட்டாரத்துக்கு நின்றவள் சர்மிளா. ஆதரவைக் கணக்குப் பார்த்தவன் அவள் கணவன் அன்ரோ. வாக்குக் கேட்டுப் போன வீட்டில் சோடாவும் பிஸ்கட்டும் தந்தால் அது "நம்மட வீடு". தராவிட்டால் இல்லை. அவனுடைய அளவுகோல் அவ்வளவுதான்.

அன்று காலை ஒழுங்கையில் வீடு வீடாகச் சோடா குடித்து அவளுக்கு வயிறு ஊதிப்போயிற்று. அதே ஒழுங்கையில் இருந்த சுலோஜனா மட்டும் மீன் வெட்டிக்கொண்டு, எழும்பாமலே ஏசினாள்.

"இஞ்ச வந்து என்னத்துக்குப் புள்ள மினக்கெடுற? என்ட வோட்டு உனக்குத்தானே. மத்த வீடுகளுக்குப் போ."

"சும்மா சொல்றா. ஒரு வாய்த் தண்ணிகூடத் தரல்ல," என்றான் அன்ரோ, வெளியே வந்ததும்.

சர்மிளா சுலோஜனாவின் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். சோடா விருந்தாளிக்கல்லவா உடைப்பார்கள்? நேற்று இதே ஒழுங்கையில் எதிர்க்கட்சிக்காரனும் வயிறு முட்டக் குடித்திருப்பானே!

கடைசியாக இருந்தது அவள் அக்கா பீற்றிஸின் வீடு. அங்கே எப்போதும் பின்பக்கத்தால் குசினிக்குள் நுழைந்து, சட்டியைத் திறந்து பார்த்து, இருந்ததைத் தின்பவள் சர்மிளா. இன்று அக்கா வாசலுக்கே ஓடிவந்து, முன் விறாந்தையில் கதிரை இழுத்துப் போட்டாள். அத்தான் அறையை விட்டு வெளியே வரவேயில்லை.

"இரு புள்ள, வாறன்," என்று அக்கா முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

"இஞ்ச நமக்குப் பயமில்ல," என்றான் அன்ரோ.

குசினிக்குள் சோடா உடைக்கும் சத்தம் கேட்டது.